ஒரே எம்பி7, மூன்று வடிவமைப்பு: கேஸ் ப்ளோபேக்கில் எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி இதுதான். எம்பி7 வகை கேஸ் ப்ளோபேக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி (கேஸ் அழுத்தத்தில் சின்ன பிளாஸ்டிக் பந்தைச் சுட்டு, அதே கேஸில் போல்ட்டையும் ஓட்டும் விளையாட்டுத் துப்பாக்கி) ஒன்று மூன்று வடிவமைப்புகளில் கிடைக்கிறது. முதலாவதில் கனமான ஸிங்க் போல்ட் (ஒவ்வொரு சுடுதலுக்கும் பின்னால் ஓடித் திரும்பும் பாகம்), சாதாரண நாசில் (பந்தை அறைக்குள் தள்ளி, அதன் பின்னால் கேஸை விடும் குழாய்). இரண்டாவதில் போல்ட்டை அலுமினியத்துக்கு மாற்றி, நாசிலுக்குள் பந்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்திருக்கிறார்கள். மூன்றாவதில் அதே போல்ட், அதே நாசில். கூடவே ஸ்டீல் ட்ரிகர் பாகங்கள், புது மேகசின். கேட்டவர் க்ரீன் கேஸ் போடுகிறவர். பெரும்பாலும் செமி (ஒரு இழுப்புக்கு ஒரு பந்து), அவ்வப்போது ஆட்டோ (இழுத்துப் பிடித்தால் தொடர்ந்து). ஒவ்வொரு படிக்கும் விலை ஏறுகிறது. அந்த அளவுக்குத் துப்பாக்கியும் ஏறுகிறதா என்று கேட்கிறார்.

இரண்டாவதை எடுங்கள். ட்ரிகர் பாகங்களை மட்டும் செட்டாக ஸ்டீலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன் மூன்றாவதின் புது மேகசின் இரண்டாவதில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிடுங்கள். உட்காராவிட்டால் என் பதில் மாறும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் எம்பி7 என்ற பெயரை மறந்துவிடுங்கள். எம்பி5, எம்பி7, எம்பி9, எம்11 எல்லாம் நிஜத்தில் சிறிய தானியங்கித் துப்பாக்கிகள்; ஏர்சாஃப்டில் அவற்றின் நகல்கள் வருகின்றன. நிஜ எம்பி5-இல் ரோலர்கள் போல்ட்டைத் தாமதப்படுத்துகின்றன. நிஜ எம்பி7-இல் கேஸ் பிஸ்டனும் சுழலும் போல்ட்டும். எம்பி9-இல் பேரலே சுழன்று பூட்டுகிறது. இங்க்ராம் எம்11-இல் எந்தப் பூட்டும் இல்லை, போல்ட்டின் எடைதான் எல்லாம். அது சுடுவதும் ஓப்பன் போல்ட்டில், அதாவது ட்ரிகரை இழுக்கும்வரை போல்ட் பின்னாலேயே நிற்கும். நான்கும் நான்கு வேறு சிந்தனைகள். ஏர்சாஃப்டுக்கு வந்ததும் நான்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன: மேகசினில் ஒரு வால்வு, அதைத் தட்டும் ஹாமர், போல்ட்டுக்குள் ஒரு பிஸ்டன், முன்னும் பின்னும் ஓடும் நாசில். ரோலர் இருந்தால் அது அலங்காரம். வேறுபாடு மிஞ்சுவது இரண்டே இடங்களில்: போல்ட் எவ்வளவு தூரம் ஓடுகிறது, மேகசின் எங்கே செருகப்படுகிறது. எம்பி7, எம்பி9, எம்11 மூன்றுக்கும் மேகசின் கைப்பிடிக்குள். பிடித்திருக்கும் கையின் சூடு இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில் உள்ளிருக்கும் மேகசினைக் குளிர விடாமல் ஓரளவு காக்கும். எம்பி5-க்கு மேகசின் முன்னால், மெலிந்து வளைந்து வெளியே நிற்கிறது. மேகசின் குளிர்ந்தால் கேஸ் அழுத்தம் விழும் என்பதால் குளிர்ந்த காலையில் இந்த வித்தியாசம் தெரியும்.

இனி நாசில். வடிவமைப்புகளுக்கு இடையே உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். விளம்பரத்தில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

ட்ரிகரை இழுத்ததும் ஹாமர் வால்வைத் திறக்கிறது, கேஸ் நாசிலுக்குள் பாய்கிறது. உள்ளே ஒரு சின்ன மிதவை வால்வு, ஸ்பிரிங் தாங்கலில். முதலில் அது முன்வழியைத் திறந்துவைத்திருக்கும். கேஸ் பந்தைத் தள்ளும். பந்து பேரலில் ஓட ஓட முன்பக்கம் கேஸ் வேகமெடுக்கிறது, அந்த ஓட்டம் வால்வை முன்னுக்கு இழுத்து வழியை அடைக்கிறது. இனி கேஸுக்குப் பின்பக்கம் மட்டும்தான் போக்கிடம். பிஸ்டனைத் தள்ளி போல்ட்டைப் பின்னால் அனுப்புகிறது. ஆக, பந்துக்கு எவ்வளவு, போல்ட்டுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது இந்த விரல்நுனி அளவு வால்வு. அது அடைக்கும் நேரம் சற்று முந்தினால் பந்து மெதுவாகப் போகும், போல்ட் உதைக்கும். பிந்தினால் பந்து பறக்கும், போல்ட் சோம்பும்.

இரண்டாவது வடிவமைப்பில் சொல்கிற திருகு இந்த மிதவை எவ்வளவு தூரம் நகரலாம் என்பதை நிர்ணயிக்கிறது. என்பிஏஎஸ் என்று சொல்வது இதைத்தான். வெறும் வேகக் குறைப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். பந்துக்குப் போகிற கேஸைக் குறைத்தால் அது வீணாவதில்லை, பின்பக்கம் திரும்புகிறது. அதனால் வேகத்தைக் குறைத்து வைத்த துப்பாக்கியில் போல்ட் இன்னும் உறுதியாக ஓடும். வெயிலில் அடி அதிகமாகிப் பின்சுவரைக் குத்தவும் செய்யும். திருகைத் தொட்ட பிறகு செமியில் சரியாக இருக்கிறதே என்று நிறுத்தாமல் ஆட்டோவிலும் ஒரு மேகசின் ஓட்டிப் பாருங்கள்.

முதலாவது வடிவமைப்பில் இந்தத் திருகு இல்லை என்பதால் அது மட்டமாகிவிடாது. ஒரே கேஸ், ஒரே பருவம், ஒரே எடைப் பந்து என்று இருப்பவருக்கு அது ஒன்றும் குறையல்ல. க்ரீன் கேஸும் 134ஏ-யும் (அழுத்தம் குறைந்த இன்னொரு கேஸ்) மாற்றி மாற்றிப் போடுகிறவர்களுக்குத்தான் திருகு தேவை. க்ரீன் கேஸ் என்பது பெரும்பாலும் புரொப்பேன், கொஞ்சம் சிலிக்கான் எண்ணெய். 20 டிகிரியில் புரொப்பேனின் ஆவி அழுத்தம் சுமார் 8.4 பார், 134ஏ-க்குச் சுமார் 5.7 பார். ஜப்பானில் 2006-இல் திருத்திய சட்டத்தின்படி 6 மி.மீ பந்துக்கு 0.98 ஜூல்தான் உச்சவரம்பு. அந்தச் சந்தைக்காக வரைந்த துப்பாக்கிகள் 134ஏ-யின் மென்மையான அழுத்தத்தை நினைத்து வரைந்தவை. தைவானில் வரைந்தவை க்ரீன் கேஸை நினைத்து. ஒரே பெயரில் இரண்டு நாட்டு வடிவங்கள் வரும்போது எது மேல் என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் கையில் இருக்கும் கேஸுக்கு எது வரைந்தது என்று பாருங்கள். 134ஏ-க்கு வரைந்ததில் க்ரீன் கேஸ் போட்டால் முதல் நாள் அட்டகாசமாக இருக்கும். பிறகு நாசிலின் ஸ்பிரிங் பிடிக்கிற காது விரிசல் விடும்.

கார்பன் டை ஆக்சைடு மேகசின் பற்றியும் யாராவது கேட்பார்கள். 20 டிகிரியில் அது சுமார் 57 பார். மேகசினுக்குள் கட்டுப்படுத்தி விட்டாலும் உதை கடுமை. இந்த மூன்றில் எதற்கும் வேண்டாம்.

அடுத்து போல்ட். ஸிங்கா அலுமினியமா என்ற சண்டை ஓயாது. எடைகளைப் பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: ஒன்று 250 கிராம், இன்னொன்று 150 கிராம். கேஸ் இரண்டின் மேலும் ஒரே அளவு வேலை செய்கிறது என்றால் இரண்டுக்கும் கிடைக்கும் இயக்க ஆற்றல் ஒன்றே. ஆனால் தோளில் நீங்கள் உணர்வது உந்தம். கனமான போல்ட்டுக்கு அது சுமார் 29% கூடுதல். இலேசான போல்ட்டுக்கு வேகம் அதே 29% கூடுதல். ஒன்று தள்ளும், மற்றது வெடுக்கென்று குத்தும். "புதியதில் கிக் போய்விட்டது" என்று புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே இலேசான போல்ட்டுக்குத்தான் அழுத்தம் விழுந்த மேகசினிலும் பின்னால் முழுசாகப் போய்ச் சேரத் தெம்பு இருக்கும்.

போல்ட் முழுசாகப் பின்னால் போகாவிட்டால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுகளை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் கடைசிப் பந்துக்குப் பிறகு போல்ட் பின்னால் நிற்காது. இன்னும் குளிர்ந்தால் போல்ட் ஹாமரைச் சாய்க்கும் அளவுக்கு வரும், ஆனால் அடுத்த பந்துக்குப் பின்னால் நாசில் போகாது. வெறும் காற்று சுடும். அதற்கும் அப்பால் ஹாமரே சாயாது, ட்ரிகர் செத்துக் கிடக்கும். இந்த மூன்று படிகளும் வரிசையாக வரும். முதல் படி எந்த இடத்தில் வருகிறது என்பதுதான் வடிவமைப்பை அளக்கும் கோல்.

சிலர் போல்ட் ஓடும் தூரத்தையே குறைத்துவிடுவார்கள், பின்னால் தடிமனான பஃபர் வைத்து. சுடும் வேகம் ஏறும், கேஸ் மிஞ்சும். ஆனால் கடைசிப் பந்துக்குப் பிறகு போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் போல்ட் கேட்ச் பிடிக்கும் விளிம்பு இம்மியளவுதான் இருக்கும். எனக்கு இது பிடிக்காது.

இப்போது என் பதில் எதை நம்பி நிற்கிறதோ அந்த இடம்: மேகசின்.

திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாக வேண்டுமானால் அதற்குச் சூடு வேண்டும். அந்தச் சூடு மேகசினின் உலோகத்திலிருந்தும் மீதமுள்ள திரவத்திலிருந்தும் வருகிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேகசின் 400 கிராம் ஸிங்க் கலவை, ஒரு சுடுதலுக்கு 0.15 கிராம் புரொப்பேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பந்துக்கு 6 கிராம். புரொப்பேனை ஆவியாக்கக் கிராமுக்குச் சுமார் 340 ஜூல் வேண்டும். மொத்தம் 2,000 ஜூலுக்குச் சற்று மேல். அவ்வளவு ஸிங்க்கை ஒரு டிகிரி மாற்ற 160 ஜூல் போதும். ஆக எல்லாச் சூடும் உலோகத்திலிருந்தே வந்தால் சுமார் 13 டிகிரி இறங்குகிறது. 20-இல் தொடங்கியது 7-இல் முடிகிறது; புரொப்பேனின் அழுத்தம் 8.4 பாரிலிருந்து 6-க்கும் கீழே வந்துவிடுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று.

இது மெதுவாகச் சுட்டால். நிமிடத்துக்கு 900 என்ற வேகத்தில் ஆட்டோவில் பிடித்தால் 40 பந்து மூன்று விநாடிக்குள் காலி. உலோகத்தின் சூடு திரவத்துக்குள் இறங்க அந்த நேரம் போதாது, திரவம் மட்டும் தனியாகக் குளிரும். அதனால்தான் ஆட்டோவில் இருபதாவது பந்துக்கு மேல் சத்தம் மந்தமாகிறது. ஒரு நிமிடம் விட்டுச் சுட்டால் மறுபடி உயிர் வருகிறது. உலோகத்திடம் மிச்சமிருந்த சூடு இப்போதுதான் வந்து சேர்கிறது.

புது மேகசினில் என்ன மாற்றினார்கள் என்று கேட்கும்போது இதைத்தான் கேட்க வேண்டும். சுவர் தடிமனா, திரவத்துக்கும் உலோகத்துக்கும் தொடுபரப்பு கூடியிருக்கிறதா, வெளியேறும் வழி அகலமா. அலுமினிய மேகசின் என்றால் உடனே குளிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இருக்கிறது; முழுக்கச் சரியில்லை. கிராமுக்குக் கிராம் அலுமினியம் ஸிங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூடு பிடிக்கும். எடைதான் குறைவு. ஒரே சுவர்த் தடிமன் என்றால் ஸிங்க் சற்றே முன்னால் நிற்கும், அவ்வளவுதான்.

மேகசினுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: பந்தைத் தூக்கிக் கொடுப்பது. விநாடிக்கு 15 என்றால் ஒரு சுற்றுக்கு 66 மில்லிவிநாடி. அதில் நாசில் விலகி நிற்கிற சொற்ப நேரத்துக்குள் அடுத்த பந்து வாய்க்கு வந்திருக்க வேண்டும். இலேசான போல்ட்டைப் போட்டு வேகத்தைக் கூட்டிவிட்டுப் பழைய மேகசின் ஸ்பிரிங்கையே விட்டால், ஆட்டோவில் நடுநடுவே வெறும் காற்று போகும். பந்தின் எடை கூடக்கூட இது மோசமாகும். எம்11 மாதிரிகளை வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அது வெறிபிடித்த வேகத்தில் ஓடுகிற ஜாதி. இரண்டாவது வடிவமைப்பில் இப்படி நடந்தால் துப்பாக்கியைக் குறை சொல்வதற்கு முன் மேகசின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். பழைய மேகசினை வைத்துக்கொண்டே போல்ட்டை மட்டும் மாற்றிய வடிவமைப்பு எதுவானாலும் இந்தச் சந்தேகத்தோடுதான் அதை அணுக வேண்டும். மூன்றாவதில் மேகசினைத் தனியாக மாற்றியதற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

அந்தப் புது மேகசின் பழைய உடலில் உட்காருமா? கிளிக் என்று மாட்டிக்கொண்டால் போதாது. மேகசின் உச்சியில் கேஸ் வெளியேறும் ரப்பர் உதடு இருக்கிறதே, அது நாசிலின் அடிப்பக்கத்தில் ஒட்டி உட்கார வேண்டும். சோதிப்பது எளிது. அந்த உதட்டில் மெல்லியதாக சிலிக்கான் எண்ணெய் தடவி, கேஸ் இல்லாமல் மாட்டி, போல்ட்டை இரண்டு மூன்று முறை இழுத்து விட்டுக் கழற்றுங்கள். நாசிலின் அடியில் எண்ணெய்த் தடம் முழு வளையமாக விழுந்திருந்தால் நல்லது. ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால் அங்கே கேஸ் பிய்த்துக்கொண்டு போகும், சுடும்போது சத்தம் சிதறும். ஹாமர் தட்டும் முனையும் மேகசின் வால்வின் நடுவில் படுகிறதா என்று பாருங்கள். மேகசினின் பின்முகத்தில் தேய்மானத் தடம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

உட்காரவில்லை என்றால் மூன்றாவதையே வாங்கிவிடுங்கள். ஒரு கேஸ் ப்ளோபேக்கை வைத்து விளையாட நான்கைந்து மேகசின் இல்லாமல் முடியாது. கூட்டிப் பார்த்தால் துப்பாக்கியின் விலையை அவை நெருங்கிவிடும். புது மேகசின் வந்த பிறகு பழையதை நிறுவனம் எத்தனை நாள் செய்துகொண்டிருக்கும் என்று நம்பி இறங்க முடியாது. தைவானின் டபிள்யூஇ நிறுவனத்தின் எம்4, ஸ்கார் ரைஃபிள்கள் போன்றவை ஓப்பன் போல்ட், குளோஸ்டு போல்ட் என்று இரண்டு வகையாக வந்தபோது வெளியே ஒரே மாதிரி இருந்த மேகசின்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பழையதாக வாங்குகிறவர்கள் எந்த வகை என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஸ்டீல் ட்ரிகர் பாகங்களுக்கு வருவோம். செமியில் சுடுகிறவருக்கு ஸிங்க் ஹாமரும் சியரும் (ஹாமரைப் பிடித்து வைத்திருந்து ட்ரிகரை இழுத்ததும் விடும் கொக்கி) நீண்ட நாள் வரும். ஆட்டோதான் அவற்றைத் தின்கிறது. சியர் பிடிக்கும் விளிம்பு மழுங்கினால் செமியில் ஒன்று இழுத்தால் இரண்டு போகும். அது அபாய மணி, அன்றைக்கே கழற்றிப் பாருங்கள். மாற்றுவதானால் ஹாமர், சியர், வால்வைத் தட்டும் முனை மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஹாமரை மட்டும் ஸ்டீலாக்கினால் அது பக்கத்திலிருக்கும் ஸிங்க்கை அரைக்க ஆரம்பிக்கும். மூன்றாவது வடிவமைப்பின் கூடுதல் விலையில் இந்தச் செட் எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால், மீதி நிற்பது மேகசினின் விலைதான்.

ஹாப்-அப் (பந்துக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ரப்பர் அமைப்பு) மூன்றிலும் ஒன்றே என்கிறார்கள். அப்படியானால் ஒரே ஒரு கேள்வி: அந்த ரப்பர் ஜப்பானிய ஏர்சாஃப்ட் நிறுவனமான டோக்கியோ மாருயின் கேஸ் ப்ளோபேக் அளவா, இந்தத் துப்பாக்கியைச் செய்த நிறுவனத்தின் சொந்த அளவா? மாருய் அளவு என்றால் எங்கும் கிடைக்கும். பேரலைப் பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். ஹாப் அறைக்குள் ஆட்டம் இருந்தால் எந்த ரப்பரும் காப்பாற்றாது.

வேகத்தை அளக்கும்போது 0.20 கிராம் பந்தோடு நிறுத்தாதீர்கள். கேஸ் ப்ளோபேக்கில் பந்துக்குப் பின்னால் கேஸ் மிஞ்சியிருக்கும். கனமான பந்து பேரலில் சற்று அதிக நேரம் இருப்பதால் அந்த மிச்சத்தையும் வாங்கிக்கொண்டு போகும். 0.20 கிராம் விநாடிக்கு 100 மீட்டர் என்றால் 1 ஜூல். அதே துப்பாக்கியில் 0.30 கிராம் 88 மீட்டர் காட்டினால் வேகம் குறைந்த மாதிரி தெரியும், ஆற்றல் 1.16 ஜூல். களத்தின் வரம்பு ஜூலில் இருந்தால் நீங்கள் வெளியே. திருகுள்ள நாசில் இருந்தால் விளையாடப்போகிற பந்தைப் போட்டே சரிசெய்துகொள்ளலாம். முதலாவதில் கேஸை மாற்றினால்தான் உண்டு. இந்த ஒரு காரணத்துக்காகவே முதலாவதைத் தள்ளிவைக்கிறேன்.

கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். மேகசினைத் தலைகீழாகப் பிடித்து கேஸ் நிரப்புங்கள், ஆனால் பொங்கி வழியும்வரை அல்ல. ஆவிக்கு இடம் இல்லாவிட்டால் திரவமே வால்வு வழியாகத் துப்பி வெள்ளைப் புகையாக வரும், அளவெல்லாம் பொய்யாகும். கேஸ் குளிரோடு உள்ளே போயிருக்கும், அதனால் பத்து நிமிடம் விடுங்கள். முழு மேகசினை ஆட்டோவில் ஒரே இழுப்பில் காலி செய்யுங்கள். உடனே, கேஸ் சேர்க்காமல், ஐந்தே பந்து போட்டுச் செமியில் சுடுங்கள். ஐந்தாவதற்குப் பிறகு போல்ட் பின்னால் நின்றால் அந்த நாசிலும் போல்ட்டும் மேகசினும் ஒன்றோடொன்று பொருந்தி வேலை செய்கின்றன. முன்னால் போய் மூடிக்கொண்டால் மேகசினைக் கையில் சூடேற்றி மறுபடி அதே ஐந்து. இப்போது நின்றால் குறை குளிர்ச்சியில்தான். இன்னும் நிற்கவில்லை என்றால் போல்ட் கேட்ச்சின் விளிம்பைப் பாருங்கள், பழைய துப்பாக்கியில் அது வட்டமாகத் தேய்ந்திருக்கும். கேட்ச்சை மாற்றலாம், அது மோதும் போல்ட்டின் பள்ளமும் சேர்ந்து தேய்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முதலாவதை விரும்புகிறவர்களும் இருப்பார்கள். வீட்டுக்குள் அட்டைக் குறியில் செமியாகச் சுட, தோளில் அந்தக் கனமான தள்ளலுக்காக. அவர்களுக்கு 134ஏ வேண்டாம், அவ்வளவு எடையை அது முழுசாக இழுக்காது. க்ரீன் கேஸ், வெதுவெதுப்பான அறை, ஆட்டோவைத் தொடாத விரல் என்றால் மூன்றிலும் குறைந்த விலையில் அதிக உதை அதில்தான் கிடைக்கும்.